தே பாயாவின் மோவாய்

சவப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஹூயா சித்திதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"இது யாரு? எங்க அக்காவ எங்கடா வச்சிட்டு வந்தீங்க?"

அராஹியா எட்டிப் பார்த்தாள். அம்மா தே பாயாதான். ஆனால் மோவாயில் குத்தியிருந்த பச்சைக் கோடுகளைக் காணவில்லை. கீழுதட்டின் கருநீலம்கூட ரோஜா நிறச் சாயத்துக்குள் போய்விட்டது. முகம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

முன்னோர் கூடத்தின் சுவரில், அம்மாவுக்கு முன்னால் போனவர்கள் படங்களாகத் தொங்கினார்கள். அவர்களில் பெண்கள் அநேகம் பேருக்கு மோவாயில் அதே கோடுகள்.

"மூஞ்சில பூசினது பெட்டிக்காரன் வேலையா?" என்றாள் அராஹியா.

"நான்தான்கா சொன்னேன்." சிட்னியிலிருந்து வந்த தம்பி ராவிரி தலையைத் தூக்கவில்லை. "என் கல்யாணத்துல எல்லாரும் அம்மா மோவாயையே வெறிச்சுப் பாத்தாங்க. இப்ப என் மாமனார் வீட்டு ஆளுங்க வர்றாங்க. செத்த பிறகாவது அவள வெறிக்காம விடட்டும்னு நெனச்சேன்."

சித்தி வாயைத் திறந்தாள். அராஹியா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பச்ச குத்தினப்ப நீ இல்லடா. நாங்க சுத்தி உக்காந்து பாடினோம். அவ முனகவே இல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருத்தர் பேரச் சொன்னா. வலப் பக்கம் தாத்தா ஆளுங்க, இடப் பக்கம் பாட்டி ஆளுங்க. அத்தன பேரையும் பவுடர் போட்டு மூடிட்டியேடா."

"அழகா இருக்கட்டும்னுதான்…"

"போற எடத்துல முன்னோருங்க இவள யாருன்னு கேப்பாங்க. இவ எதக் காட்டுவா?"

பின்கட்டில் உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தது. அராஹியா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உதட்டின் ஓரத்திலிருந்து மெல்லத் துடைத்தாள். துணியில் பவுடரும் சாயமும் ஒட்டின. முதலில் ஒரு கோட்டின் சுருள் தெரிந்தது. பிறகு அதன் கீழே இன்னொன்று.

இடப் பக்கம் பாதியில் அவள் கை நின்றுவிட்டது. மேலே துடைக்க முடியவில்லை.

ராவிரி அவள் கையிலிருந்து துணியை வாங்கி மீதியைத் துடைத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்களை முறைப்படி பாடி அழைக்கும் பெண்ணின் குரல் வாசலில் நீளமாக எழுந்தது. மாமனார் வீட்டுக் கார்கள்தான். சித்தி துக்கத்துக்காகத் தலையில் அணிந்திருந்த இலை வளையத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ராவிரி, உன் ஆளுங்கடா. போய் நில்லு."

அவன் போகவில்லை. பாட்டி பக்கத்துக் கடைசிக் கோட்டை, ஈர விரலால், மேலிருந்து கீழாக வருடிக்கொண்டிருந்தான்.