பெரட்டு இரும்பு

லிங்கிப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. சனமும் ராசா, போர்டிக்சன் என்று டவுன் பக்கம் கிளம்பிப் போய்விட்டது. முனியாண்டி கோயில் முன்னால் சங்கிலியில் தொங்கும் இரும்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. முழங்கை நீளம், அடியில் கூம்பு. ஒரு காலத்தில் விடியுமுன் அதை அடித்துத்தான், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். பெரட்டு நின்றதும் அதற்கு வேறு வேலை வந்தது. தூக்கத்தில் வீரிட்டு அழும் பிள்ளையை அதன் கீழே பிடித்து மூன்று அடி அடித்தால் பயம் தெளிந்துவிடுமாம். ரோகினியும் அப்படித் தெளிந்தவள்தான்.

அடுத்த மாதம் தொல்லியல் படிக்க இங்கிலாந்து போகிறாள். "தங்கம் தோண்டவா போற?" என்று கேலி செய்யாத சொந்தக்காரர் இல்லை. அவளுக்கு எதற்குத் தங்கம்? ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, தகரக் கோப்பை, மண்ணெண்ணெய் விளக்கு, இவற்றுக்காகத்தான் அவள் உயிரை விட்டாள். ஊரில் புழங்கிய பொருள் ஒன்றின் விவரத்தை அனுப்பச் சொல்லி அங்குள்ள பேராசிரியை கேட்டதும், போன வாரம் இந்த இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கையும் குங்குமத்தையும் கம்பி பிரஷ்ஷால் அழுந்தத் தேய்த்து, நுனியில் பளிச்சிட்ட பித்தளை வளையத்தோடு படமெடுத்தாள். அப்பாவை அடிக்கச் சொல்லி ஓசையையும் பதிந்து அனுப்பினாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தேவனின் கைக்குழந்தைக்குப் பயம் தெளிய வைக்க வந்திருந்தார்கள். பூசாரி அவள் அப்பா கணேசமூர்த்திதான். கோயிலடியில் போன் லைன் கிடைக்காது. பூசை முடிவதற்குள் வந்துவிடலாம் என்று ரோகினி மேட்டு மண்சடக்குப் பாதைக்குப் போனாள். போன் கிணுகிணுத்தது. பேராசிரியைதான்.

'உள்ளே காலியாக இருந்தால் ரீங்காரம் நீளும். இது அடித்ததும் அடங்கிவிடுகிறது. நுனியிலுள்ள பித்தளை வளையத்தைப் போர் ஆயுதங்கள் தெரிந்தவரிடம் காட்டினேன். போர்க்காலத்து வெடிக்காத பீரங்கிக் குண்டு. யாரும் கிட்டே போகாதீர்கள்.'

எவ்வளவு அழுந்தத் தேய்த்தோம் என்று ரோகினி தன் கையைப் பார்த்தாள்.

கீழே 'டொக்' என்றது. முதல் அடி.

செருப்பு ஒரு பக்கம் போக, ஓடினாள். செம்பனை முள் காலைக் கிழித்தது. கத்த நினைத்தாள். சத்தத்தில் பதறி அப்பா சுத்தியலை அதன் நுனியில் போட்டுவிட்டால்? வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினாள்.

'டொக்.'

அண்ணி திலகா இரும்புக்கு நேர் கீழே நின்றிருந்தாள். குழந்தையின் உச்சந்தலையில் கூம்பு தொட்டும் தொடாமலும் இருந்தது. அப்பாவின் கை மூன்றாவது முறை உயர்ந்தது. ரோகினி பின்னாலிருந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அடிக்காதீங்கப்பா. மெதுவா... கைய எறக்குங்க."

"என்னாம்மா இது? ஒரு அடி பாக்கி இருக்கு. அரைகுறையா விட்டா புள்ளைக்கு ஆகாதுலா."

"அது பொம்முப்பா. உள்ள வெடிமருந்து இருக்கு. அண்ணி, புள்ளைய தூக்கிட்டு ஓடுங்க!"

திலகா ஓடினாள். அப்பா அந்தப் பித்தளை வளையத்தையே பார்த்தார். சுத்தியலை விடச் சொன்னால் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தாள்.

போலீஸ் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. சாயங்காலம் அதைத் தோட்டத்துக் கடைசியில், மணல் மூட்டைகளுக்கு நடுவே வெடிக்க வைத்தார்கள். ரோட்டில் நின்ற போலீஸ் காடிகளின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. திலகா மடியில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

தூக்கம் போனது அப்பாவுக்குத்தான். அடுப்படியில் மூடி விழுந்தால்கூடத் துள்ளி எழுகிறார். ரோகினி கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்னயும் அதுக்குக் கீழதாம்மா புடிச்சேன். தேவனையும். தோட்டத்துப் புள்ளைங்க அத்தனையும் இந்தக் கைதான்..."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயம் தெளியல ரோகினி," என்றார். "நான் எங்க போயி நிக்கிறது?"