கோணல் வாய்க்கால்

நாய் வாலைக்கூட நூல் பிடித்து நிமிர்த்திவிடுவேன் என்று என்னைக் கேலி செய்வார்கள். கொத்தனாருக்கு அது கேலியா என்ன? நான் எழுப்பிய சுவரில் மயிரிழை கோணல் இருக்காது.

கடலோரச் சதுப்பை மறுபடி உயிர்ப்பிக்க ஊர்க்காரர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறோம். எங்கள் தலைவி டீச்சர். கடல்நீர் உள்ளே வர ஒரு வாய்க்கால் வேண்டும் என்றார். நூல் கட்டி, அம்பு மாதிரி நேராக வெட்டிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஓதத்தில் கடல் ஏறி அதே நேர்க்கோட்டில் பாய்ந்து, நாங்கள் நட்ட இருநூறு அலையாத்திக் கன்றுகளையும் வாரிக்கொண்டு போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வளைஞ்சு வந்தாத்தான் தண்ணி நிதானமா வரும் மேஸ்திரி," என்றார் டீச்சர். "இன்னும் நூறு கன்னுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அந்த நேர் வாய்க்காலைத் தூர்த்துவிட்டு இரண்டு ஞாயிறு மல்லுக்கட்டினேன். வளைத்துத்தான் தொடங்குவேன், பத்தடி போவதற்குள் கை தானாக நேராகிவிடும். என் கைமேல் எனக்கே எரிச்சல் வந்தது. தையல் வேலை செய்யும் என் மனைவி அதுவரை பொறுத்திருந்ததே பெரிது.

"ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டற மாதிரிதானே? தள்ளுங்க," என்று சேற்றில் இறங்கி நடந்தாள். இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு நெளிவு. அவள் கால் தடத்திலேயே நான் மண்வெட்டியைப் போட்டேன்.

"அக்கா கிழிச்ச கோட்ட மாமா தாண்ட மாட்டார்னு தெரியும்," என்றான் என் மச்சான். "இன்னிக்குக் கண்ணாலயும் பாத்தாச்சு."

நூறு கன்றுகளையும் நட்டோம். அடுத்த பெரிய ஓதத்தன்று கரையில் நின்று கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்தது. வளைவுக்கு வளைவு நின்று கதை பேசிவிட்டு, கன்றுகளுக்கிடையே பரவி, வந்த வழியே திரும்பியது. நாலைந்து கன்றுகள் சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். முதல் வளைவில் தேங்கிய நீரில் மீன்குஞ்சுகள் துள்ளின. எங்கிருந்தோ இரண்டு உள்ளான் குருவிகள் வந்து இறங்கிச் சேற்றைக் கொத்தின. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"மேக்குப் பக்கமும் ஒரு வாய்க்கால் வேணும், அதயும் நீங்களே வெட்டிடுங்க மேஸ்திரி," என்றார் டீச்சர்.

"வெட்டறேன் டீச்சர். ஆனா இவ முன்னால நடக்கணும். எனக்கு அது வராது."

ஒரு வேலை எனக்கு வராது என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் மனைவி செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு மேற்கே நடக்க ஆரம்பித்தாள்.