மூன்று கதவு வண்டி

வண்டிக் கடைக்காரரிடம் கை கொடுத்தாகிவிட்டது. சம்மந்தியிடம் போனில் சொல்லியாகிவிட்டது. என் மனைவியின் தம்பி வண்டியைப் படம் எடுத்து, உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பியும் ஆகிவிட்டது. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாயில் எதுவும் தங்காது. இத்தனையும் முடிந்த பிறகு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே மருமகள் சொன்னாள்.

"மாமா, அந்த வண்டியில பின் சீட்டுக்குக் கதவு இல்லையே."

"பின்னாடி ஒரு கதவு இருக்கே. ஸ்டெப்னி மாட்டியிருக்கு பார்."

"அது சாமான் வைக்கிற கதவு மாமா."

கை கொடுத்த பிறகு பேச்சு கிடையாது. எடைக்கல் ஆய்வாளராக இருந்த காலத்தில் என் முத்திரை விழுந்த தராசை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

வண்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் மகன் மலையில் சுரங்கப் பாதை தோண்டும் வேலையில் இருக்கிறான். குடும்பத்தோடு தங்க அங்கே வீடு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீடு இருக்கும் இடத்துக்குத் தார் ரோடு கிடையாது. கல்லும் சேறுமாக ஒரு தடம், நடுவில் ஓர் ஓடை. ஆஸ்பத்திரி அடிவாரத்தில். அவன் பகலெல்லாம் சுரங்கத்துக்குள் இருப்பான். அங்கே போன் எடுக்காது. குழந்தைக்கு ஒன்று என்றால் மருமகள்தான் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சாதாரண கார் அந்தத் தடத்தில் வயிற்றை உரசிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் குழந்தை பிறந்து எட்டு மாதமாக அவளும் பேரனும் எங்கள் மாடி அறையில் இருக்கிறார்கள். பேரன் அப்பா என்று நினைப்பது போனைத்தான். போன் அடித்தால் கையை நீட்டுகிறான்.

"பேரனுக்கு ஒரு வண்டி நான் வாங்கித் தரேனே" என்று சம்மந்தி ஒருநாள் சொன்னார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளைக்கு வண்டி நாங்க வாங்குவோம்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு, அவர் குறை சொல்ல முடியாத வண்டியாக இருக்க வேண்டாமா?

கறுப்பு வண்டி அப்படிப்பட்டது. பெட்டி மாதிரி உடம்பு, என் இடுப்பளவு சக்கரம், பக்கவாட்டில் கூரை வரை ஏறும் காற்றுக்குழாய். ஓடைத் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் இன்ஜினுக்குள் போகாது என்றார்கள். எங்கள் வாசலில் நின்றால் தெருவில் போகிறவன் ஒதுங்கிப் போவான். கடையில் அதற்குப் பக்கத்திலேயே, அதே கம்பெனியின் நீளமான சாம்பல் நிற வண்டி ஒன்று நின்றது. ஐந்து கதவு. பள்ளிக்கூட வேன் போல இருந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகன் நான்கு நாள் லீவில் வந்தான். வந்த அன்றே அவன் மனைவி மாடியில் அவனிடம் பேசியிருக்கிறாள். காலையில் என் அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அப்பா, அந்தச் சாம்பல் வண்டிய ஒரு தடவ பார்த்துட்டு..."

"கை குடுத்தாச்சு."

"பின்னாடி ஏறி இறங்கறது அவளுக்குக் கஷ்டம்ப்பா. கையில குழந்தை இருக்கும்."

"உங்க அம்மா நாப்பது வருஷமா பின்னாடிதான் உக்காந்து வரா. ஒரு வார்த்தை சொல்லியிருக்காளா?"

அது உண்மை. எங்கள் வீட்டுப் பழைய காரில், ஓட்டுவது யாராக இருந்தாலும், முன் சீட்டு என்னுடையது. வண்டி நின்றதும் பெண்கள் தாங்களே கதவைத் திறந்து தெருவில் குதிக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. நான் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறப்பேன். அதுவரை என் மனைவி மடியில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருப்பாள். இந்தத் தெருவே அதைப் பார்த்திருக்கிறது. மரியாதை என்றால் என்ன என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் எங்கள் வாசலில் வந்து நின்றால் போதும்.

மகன் போய்விட்டான். சற்று நேரத்தில் மருமகளே வந்தாள். இடுப்பில் குழந்தை, அதன் வாயில் அவள் சங்கிலி.

"மாமா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இந்த வண்டின்னா நான் மலைக்குப் போகல. இங்கயே இருந்துக்கறேன்."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு மருமகள் புருஷனைப் பிரிந்து மாடி அறையில் கிடக்கிறாள் என்று ஊர் பேசினால் நன்றாகவா இருக்கும்? வண்டியை மாற்றினால், தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் என்று சம்மந்தி வீட்டில் பேசுவார்கள். இரண்டு பக்கமும் சுவர்.

"சரி. இன்னிக்கு எல்லாரும் கடைக்குப் போவோம். குழந்தையையும் தூக்கிக்கோ. பின் சீட்ல நானே உக்காந்து காட்டறேன். அப்புறம் பேசு."

கடைக்குப் பின்னால் வேலி போட்ட வெற்று நிலம். அங்கே மேடு, பள்ளம், சேற்றுக் குழி எல்லாம் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் வண்டி ஓட்டிப் பார்க்கலாம். சேல்ஸ்மேன் கழுத்தில் அட்டை தொங்க ஓடி வந்தான்.

"நடக்கிற வேகம்தான் சார். ஆனா நான் முன்னாடி உக்காரணும். அது ரூல்."

ஓட்டுவது மகன். பக்கத்து முன் சீட்டில் சேல்ஸ்மேன். என்னுடைய இடம். சரி, ரூல் என்றால் ரூல்.

மருமகள், குழந்தையை வார் போட்டு உட்காரவைக்கும் சீட்டைப் பின்பக்கம் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்த முயன்றாள். முன் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சேல்ஸ்மேன் உட்காரும் சீட்டு மட்டும் மடங்கி முன்னால் நகரும். ஓட்டுநர் சீட்டு மடங்காது. அவள் பாதி உடம்பை உள்ளே விட்டு, சீட்டின் மடிப்புக்குள் இருந்த இரும்புக் கொக்கியைத் தடவித் தேடினாள். எட்டு மாதக் குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டுமாம், அப்போதுதான் கழுத்துக்குப் பத்திரமாம். கொக்கி விழுந்ததும் குழந்தையை அதில் வைத்து வார் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது அவள் நெற்றியில் ஒரு கோடு பதிந்திருந்தது.

"ஆச்சா?" என்றேன்.

"ஆச்சு மாமா. நின்னுட்டு இருக்கிற வண்டியில."

நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்பதை, கூட வந்திருந்த ரேடியோ பிறகு பலரிடம் நடித்துக் காட்டியிருக்கிறான். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. உட்கார்ந்ததும் சேல்ஸ்மேன் சீட்டு என் முழங்காலுக்கு வந்து நின்றது. பக்கத்தில் பேரன், தன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மருமகளும் ரேடியோவும் வேலியருகே நின்றார்கள்.

முதல் மேடு நன்றாகத்தான் ஏறியது. "பாத்தியா?" என்றேன். முன்னால் யாரும் திரும்பவில்லை. இரண்டாவது பள்ளத்தில் மகன் ஒரு பக்கம் ஒடித்துத் திருப்பினான். சக்கரம் வழுக்கியது. வண்டி மெல்லச் சாய்ந்து, சேல்ஸ்மேன் பக்கத்துக் கதவோடு மண் திட்டில் போய்ச் சாய்ந்துகொண்டது.

"ஆக்சிலேட்டர விட்டுடுங்க சார். சுத்தச் சுத்த இன்னும் இறங்கும். இன்ஜின ஆஃப் பண்ணுங்க. டிராக்டர் வந்து இழுத்துடும்."

மகன் தன் கதவைத் திறந்து இறங்கினான். சேல்ஸ்மேன் கியரைத் தாண்டிக் கால் வைத்து, அதே கதவு வழியாக வெளியேறினான். நான் என் வழி எது என்று பார்த்தேன். மடங்குகிற சீட்டின் கதவு மண்ணோடு ஒட்டி நிற்கிறது. கதவு திறக்கிற பக்கத்துச் சீட்டு மடங்காது. நடுவில் உள்ள சந்து என் உடம்புக்குப் போதாது.

"அப்பா, ரெண்டு நிமிஷம்ப்பா."

ஏசி நின்ற உடனே கண்ணாடிக்குள் வெயில் ஏறியது. ஜன்னலை இறக்கலாம் என்று பித்தானைத் தேடினேன். இல்லை. பின் ஜன்னல் இறங்காத கண்ணாடி. பேரனுக்கு முதலில் முகம் சிவந்தது, பிறகு வாய் திறந்தது. அந்த அழுகை அந்தப் பெட்டிக்குள் எங்கும் போக இடமில்லாமல் என் காதுக்கே திரும்பி வந்தது. தூக்கலாம் என்றால், தோள்பட்டையிலிருந்து தொடை வரை வார். எல்லா வாரும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் பித்தான். அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். குழந்தை வயிற்றை எக்கி எக்கி அழுததில் பித்தான் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. மகன் முன்னாலிருந்து கையை விட்டுத் தடவினான். சீட்டின் முதுகுதான் அவன் கைக்குக் கிடைத்தது.

"அப்பா, அந்தச் செவப்ப அமுக்குங்க!"

"அமுக்கிட்டுத்தானே இருக்கேன்டா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்போது பின்னால் வெளிச்சம் விழுந்தது. மருமகள் ஸ்டெப்னிக் கதவைத் திறந்திருந்தாள். மண் திட்டு தடுத்ததால் அது பாதிதான் திறந்தது. அந்தச் சந்தில் பக்கவாட்டில் நுழைந்து, சாமான் வைக்கும் இடத்தில் முழங்காலால் நகர்ந்து வந்தாள். குழந்தைக்கு அவள் முகம் தெரிந்தது. சீட்டு முதுகுக்கு மேலே கையை நீட்டி, முதலில் ஒரு வாரைத் தளர்த்தி, பிறகு பித்தானை அழுத்தினாள். டக்கென்று விட்டது.

"முதல்ல லூஸ் பண்ணணும் மாமா."

குழந்தையைச் சீட்டுக்கு மேலாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். திரும்புவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

"அங்க டிராக்டர் வராது மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையோடு நகர்ந்து போய்விட்டாள்.

இப்போது உள்ளே நான் மட்டும். ரேடியோ அந்தச் சந்தில் தலையை விட்டான்.

"அத்தான், சீட்டுக்கு மேல கால போட்டு, அப்படியே தவழ்ந்து வந்துடுங்க. யாரும் பாக்கல."

"நீ பாக்கறியே. அது போதும், ஊருக்கே தெரியும்."

"அப்ப?"

"டிராக்டர் வரட்டும்."

உட்கார்ந்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணாடிக்கு வெளியே மருமகள் குழந்தைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு நடந்தாள். அவள் வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. மகன் அவளருகே போனான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இந்த வண்டியை எத்தனை முறை சுற்றி வந்து பார்த்திருப்பேன்? சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன், காற்றுக்குழாயை ஆட்டிப் பார்த்தேன், வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து மட்டும் பார்க்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் வண்டியே தெரியாது. முன் சீட்டின் முதுகுதான் தெரியும்.

டிராக்டர் இழுத்து நிமிர்த்தியது. சேல்ஸ்மேன் கதவைத் திறந்து சீட்டை மடக்கினான். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மேனேஜர் குடையோடு வந்து நின்றார்.

"சார், இதெல்லாம் சகஜம். பில் போட்டுடலாமா?"

மகன் தன் ஷூவில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவள் மாதிரி நின்றாள். நான் நேராக அந்தச் சாம்பல் வண்டிக்குப் போனேன். பின் கதவைத் திறந்தேன். அகலமாகத் திறந்தது. உட்கார்ந்தேன். இறங்கினேன். இன்னொரு முறை உட்கார்ந்தேன்.

"இது" என்றேன்.

மருமகள் உடனே சேல்ஸ்மேனிடம், "சைல்ட் லாக் எங்க இருக்கு?" என்று கேட்டாள். கதவின் விளிம்பில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து யார் இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியேயிருந்துதான் திறக்க வேண்டும் என்று அவன் காட்டினான்.

ரேடியோ என் காதருகே வந்தான். "அத்தான், சம்மந்திகிட்ட கறுப்பு ஸ்டாக் இல்லன்னு சொல்லிடலாம். நான் பாத்துக்கறேன்."

"நீ வாயத் திறக்காதே. நான் பேசறேன்."

எல்லார் முன்னிலையிலும்தான் கை கொடுத்தேன். எல்லார் முன்னிலையிலும்தான் போன் போட்டேன்.

"என்ன சம்மந்தி, கறுப்பு வண்டி வந்தாச்சா?"

"மாத்திட்டேன். அஞ்சு கதவு வண்டி எடுக்கறோம்."

"ஏன், அது நல்ல வண்டிதானே?"

"நல்ல வண்டிதான். பின் சீட்ல உக்காந்தேன். வெளிய வர முடியல."

அங்கே சிரிப்பு ஆரம்பித்தது. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"உள்ளயே மாட்டிக்கிட்டீங்களா?"

"ஆமா."

"இருங்க, இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். ஏய், இங்க வா, சம்மந்தி சொல்றதக் கேளு. இன்னொரு தடவ சொல்லுங்க சம்மந்தி."

இன்னொரு தடவை சொன்னேன். அதே வார்த்தைகள்தான், கூட்டவில்லை, குறைக்கவில்லை. போனை வைத்தபோது மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேனேஜர் பக்கம் திரும்பி, பில்லைப் போடச் சொன்னேன்.

வண்டி கைக்கு வந்த அன்று மருமகள் ஓட்டினாள். புது வண்டி அவளுக்குப் பழகட்டும், சொல்லிக்கொடுக்கலாம் என்று மகன் அவளருகே உட்கார்ந்தான். "மாமா, நீங்க முன்னாடி வாங்க" என்றாள். குழந்தைக்குப் பக்கத்தில் யாராவது வேண்டாமா என்று சொல்லி நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மறுநாள் காலை அவர்கள் மலைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மகன் கேட்டைத் திறக்கப் போனான். மருமகள் இறங்கிச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவு வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் என் பக்கக் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. சைல்ட் லாக். கண்ணாடியைத் தட்டவில்லை. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்தேன்.

என் மனைவி வாசலிலிருந்து பார்த்தாள். படி இறங்கி வந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்தாள்.

"திறக்கலையா?"

"உள்ள இருந்து திறக்காது. குழந்தைக்காக அப்படி."

"நம்ம பழைய கார்லயும் என் பக்கம் அப்படித்தான். உள்ள இருந்து திறக்காது."

"எப்பலேருந்து?"

"வாங்கின மறுவருஷத்துலேருந்து. கைப்பிடி உள்ள உடைஞ்சிருக்கு."

நான் இறங்காமல் அவளையே பார்த்தேன்.

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் வந்து திறப்பீங்களே" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மெதுவா. படி உயரமா இருக்கு."