மொழிபெயர்ப்பில் போன சோறு

யூஜினாவுக்குத் தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. இலங்கை மலையகத்தில், றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில் பிறந்து, ஹட்டனில் படித்து, அங்கேயே ஒரு வறுமை ஒழிப்புத் திட்டத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் தோட்டங்களுக்குக் கூட்டிப்போவதும், சனங்கள் பேசுவதை இங்கிலீசில் சொல்வதும் அவள் பொறுப்பு.

நாடு நெருக்கடியில் விழுந்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போன காலத்தில்தான் அந்தத் திட்டம் பிள்ளைக் காம்பராக்களில் மத்தியானச் சோறு போடத் தொடங்கியது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. சோறு, பருப்பு, ஒரு கீரை, சில நாட்களில் முட்டை. அப்படியொரு தோட்டத்தில் சமைத்துப் போடுவது ஆயா அந்தோனியம்மா. சோறு தொடங்கிய பிறகு பிள்ளைகள் அழுகை குறைந்து விளையாடுவதை யூஜினா தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வரப்போகிறார் என்றதும் மேலதிகாரி யோகேஸ்வரன் அவளைக் கூப்பிட்டார்.

"யூஜினா, அடுத்த கட்டம் இருக்கா இல்லையான்னு இவங்கதான் முடிவு பண்ணப் போறாங்க. நாம செஞ்ச வேலை பலிச்சிருக்குன்னு அவங்க மனசுல படணும். அழுமூஞ்சியக் காட்டினோம்னா, இத்தன நாளா என்னத்த கிழிச்சீங்கன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க."

அவர் சொன்னதில் அவளுக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. நல்ல பேர் எடுத்தால் சோறு தொடரும். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மையார் வந்த அன்று, யோகேஸ்வரனும் கூட வர, யூஜினா அவரை அந்தோனியம்மா இருந்த தோட்டத்தில் புது வீடுகள் இருக்கிற பக்கமாக அழைத்துப்போனாள். அம்மையாரோ பாதி வழியில் நின்று, பிள்ளைக் காம்பராவைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே சண்முகவடிவு தன் பெண்குழந்தையைப் பார்க்க வந்திருந்தாள். தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம் இன்னும் போகவில்லை. அம்மையார் அவளிடம், வீட்டில் நிலைமை இப்போது பரவாயில்லையா என்று கேட்டார். யூஜினா தமிழில் கேட்டாள்.

"எங்கங்க மிஸ் பரவால்ல?" என்றாள் சண்முகவடிவு. "ராத்திரிக்கு ரொட்டியும் சம்பலுந்தான். அதுவும் இல்லாத நாள் வெறுந்தேத்தண்ணியக் குடுத்துத் தூங்க வைக்கிறேன். இங்க போடுற சோத்துலதான் என் புள்ள உசுரோட நிக்கிது. இத மட்டும் நிப்பாட்டிறாதீங்கன்னு சொல்லுங்க."

யோகேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார். யூஜினா அம்மையாரிடம் திரும்பி, இந்தச் சாப்பாட்டால் குழந்தை நன்றாகத் தேறிவிட்டது, வீட்டிலும் இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது, இவள் நன்றி சொல்கிறாள் என்று இங்கிலீசில் சொன்னாள். சரளமாக, சிரித்தபடியே சொன்னாள். அம்மையாரின் முகம் மலர்ந்தது. சண்முகவடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவர் வண்டியில் ஏறியதும் சண்முகவடிவு ஓடிவந்தாள். "நான் சொன்னத நல்லா எடுத்துச் சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொல்லிட்டேங்க்கா."

"பாத்தீங்களா, எப்பிடிக் கையப் புடிச்சாங்க! நல்ல மனசுங்க அந்தம்மாவுக்கு."

அந்த மலர்ந்த முகம் யூஜினாவைச் சில நாட்கள் உறுத்தியது. பிறகு வேலையில் மறந்துபோனாள்.

நிறுவனத்தின் முடிவு கடிதமாக வந்தபோது யோகேஸ்வரனே அதை இரண்டு தடவை படித்தார். நாட்டின் பொருளாதாரம் வளர்ச்சிப் பாதைக்குத் திரும்பிவிட்டதாம். அந்தத் தோட்டத்து மக்களும் தேறிவிட்டார்களாம். ஆகவே உதவியை இன்னும் தேறாத வேறொரு மாவட்டத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பாராட்டித்தான் சொன்னார்கள். மாதக் கடைசியோடு சோறு நின்றது.

சமையல் சட்டிகளைத் திரும்ப எடுத்துவர யூஜினாவைத்தான் அனுப்பினார்கள். வேலைவிட்டு வந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கப் பிள்ளைக் காம்பராவில் கூடியிருந்தார்கள். சண்முகவடிவு மட்டும் தள்ளி, சுவரோரமாக நின்றாள். அவளோடு யாரும் பேசவில்லை. அந்தோனியம்மா சட்டிகளைக் கழுவி எடுத்து வைத்தபடி சொன்னாள்:

"எல்லாம் இவ வாயால வந்த வென மிஸ். வந்த மனுசிகிட்ட பஞ்சப்பாட்டுப் பாடியிருக்கா. போடுற சோத்தத் தின்னுட்டுக் கொறையும் சொன்னா அவங்களுக்குக் கோவம் வராதா?"

சண்முகவடிவு கிட்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "தப்புத்தாங்க மிஸ். நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது. எம் புள்ள சோத்த மட்டுமில்ல, எல்லாப் புள்ளைங்க சோத்தையும் கெடுத்துட்டேன். அந்தம்மாகிட்ட எனக்காக மன்னிப்புக் கேளுங்க."

யூஜினா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். பேசாமல் வண்டியேறிப் போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியவந்திருக்காது. ஆனால் தன் பழியை இவள் சுமந்துகொண்டு இந்த லயத்தில் எப்படி இருப்பாள் என்று நினைத்தாள்.

"அக்கா, நீங்க சொன்னத நான் சொல்லவேயில்ல," என்றாள். "நீங்க நல்லா இருக்கீங்க, பசியில்லன்னு மாத்திச் சொல்லிட்டேன். அதனாலதான் நிப்பாட்டினாங்க. தப்பு என்னோடது. நீங்க ஒண்ணும் கெடுக்கல."

அந்தோனியம்மாவின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகவடிவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே மிஸ்?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடித்திருந்தால்கூட யூஜினா தாங்கியிருப்பாள். அங்கேயே கைப்பேசியை எடுத்து அந்த அம்மையாரை அழைத்தாள். தான் மாற்றிச் சொன்னதையும், சண்முகவடிவு உண்மையில் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.  மறுமுனை மெதுவாகப் பதில் சொன்னது. பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அந்தோனியம்மா.

மழுப்பிச் சொல்ல வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்தன. யூஜினா அவற்றை விழுங்கினாள். "ஏலாதாம். காசு அந்த மாவட்டத்துக்குப் போயிருச்சாம். அங்க புள்ளைங்க சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்களாம். அதுங்க வாயில இருந்து புடுங்கி இங்க குடுக்க முடியாதாம். அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்றாங்க. அதுக்கும் உறுதி இல்லையாம்."

"அதுங்களும் புள்ளைங்கதானே," என்றாள் சண்முகவடிவு. அவள் குரலில் கோபம்கூட இல்லை. தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தோனியம்மா எழுந்துபோய், அவள் பையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். மற்றவர்களும் அவர்கள் பின்னால் லயத்துக்கு இறங்கினார்கள்.

யூஜினா சட்டிகளைத் தனியாகவே வண்டியில் ஏற்றினாள். எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அவளை அனுப்பியதில்லை அந்த லயத்தில். அன்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.