பஸ் வரும் ஓரம்

வட்டாரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் எழுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அதில் எழுபத்தொரு பேர் சாலையை அளப்பார்கள், வரைவார்கள், கூட்டம் போடுவார்கள், போட்ட கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வார்கள். இத்தனை பேரும் சேர்ந்து செய்வது என்ன என்பதை ஊராருக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரே ஒருத்தி இருந்தாள். வீட்டில் அவள் சின்னவள்.

மாதம் ஒரு முறை இரண்டு பக்கத்தில் ஒரு செய்தித்தாள் எழுதுவாள். எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், எந்த நிறுத்தம் இடம் மாறுகிறது, எந்த முனையில் பார்த்துக் கடக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பதினோராயிரம் வீடுகளுக்குப் போகும். பாதி வீடுகளில் அது அலமாரித் தட்டுக்கு விரிப்பாகத்தான் போனது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் மட்டும் அதை எழுத்து விடாமல் படித்து, கதவின் உள்பக்கம் ஒட்டி, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டுவார்கள். அது அவள் அக்கா வீடு.

அக்காவுக்குப் பள்ளி வாசலில் வேலை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து, காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைச் சாலை தாண்ட வைப்பாள். பிள்ளைகள் அவளை நில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிக்காரனையும் கண்ணாலேயே நிறுத்திவிடுகிற ஆள். தங்கை எழுதியதில் யாராவது குறை சொன்னால் மட்டும் கண்ணோடு விடமாட்டாள், வாயும் சேர்ந்துவிடும். "எங்க சின்னது எழுதினா அது கல்வெட்டு மாதிரி" என்பாள்.

இந்த மாதத் தாளில் பெரிய செய்தி ஒன்று இருந்தது. ஊரின் பிரதான சாலையில் நான்கு தடங்கள். நான்கிலும் வண்டிகள் ஒரே திசையில்தான் வரும், பாலத்துப் பக்கமிருந்து. ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் பள்ளி. திங்கட்கிழமையிலிருந்து ஓரத்துத் தடம் ஒன்றைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்குகிறார்கள். அந்தத் தடத்தில் பஸ்கள் பணிமனையிலிருந்து கிளம்பி எதிர்த்திசையில் வரும். சந்தையை ஒட்டிய ஓரம் பஸ்ஸுக்கு என்று சின்னவள் கொட்டை எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமையே அக்கா பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் நான்கு தடம் கோடு போட்டு, வகுப்பு வகுப்பாக நடக்க வைத்துப் பழக்கிவிட்டாள். காலையில் பிள்ளைகள் வருவது சந்தைப் பக்கமிருந்து. "இறங்கின உடனே முதல் தடத்துல பஸ் வரும், அந்தப் பக்கம் பாரு. அதைத் தாண்டிட்டியா, அப்புறம் எல்லாம் பழையபடிதான்." இதைப் பாட்டு மாதிரி சொல்ல வைத்திருந்தாள். சின்னவளிடம் ஃபோனில் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பணிமனையில் சின்னவளின் பிரிவு அலுவலர் பச்சைக் கொடியை அசைத்தார். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொல்ல, இன்னொரு முறை அசைத்தார். அதற்குள் முதல் பஸ் போய்விட்டது. அடுத்த மாதத் தாளுக்குப் படம் வேண்டுமென்று சின்னவள் நான்கு நிமிடம் கழித்துக் கிளம்பிய இரண்டாவது பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் வளைந்து பிரதான சாலையில் நுழைந்தது. ஜன்னலை உரசுகிற மாதிரி ஒரு சுவர் வந்தது. நூலகத்துச் சுவர். நூலகம் பள்ளி வரிசையில் இருக்கிறது.

"அண்ணா, தடம் மாறி வந்துட்டீங்க" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு வாரமா ராத்திரி ராத்திரி ஓட்டிப் பழகியிருக்கேன், மேடம். இதுதான் தடம்."

"இல்லண்ணா, சந்தை ஓரம்தானே?"

"சந்தை ஓரம் பூரா வண்டியை நிறுத்திச் சரக்கு இறக்குறாங்க. அங்க எப்படிப் பஸ்ஸை விடுவாங்க?"

அது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பையிலிருந்து வரைபடத்தை இழுத்துப் பிரித்தாள். மேலே ஓரம் ஒன்று, கீழே ஓரம் ஒன்று, கீழ் ஓரத்தில் பச்சை வண்ணம் பூசிய பஸ் தடம். ஆறு வருடமாக அவள் பார்த்தது சாலைப் பிரிவு வரைந்த படங்கள். சாலைப் பிரிவுக்காரர்கள் எப்போதும் பள்ளி வரிசையை மேலே வைத்துத்தான் வரைவார்கள். கட்டடங்களுக்குப் பெயர் எழுதமாட்டார்கள், எண் மட்டும் போடுவார்கள். அவளுக்கு எண்ணும் தேவைப்பட்டதில்லை, மேலே என்றால் பள்ளி, கீழே என்றால் சந்தை. ஆனால் அதே போல எண் மட்டும் போட்ட இந்தப் படம் பஸ் பிரிவிலிருந்து வந்தது. பஸ் பிரிவுக்காரர்களுக்கு உலகம் பணிமனையில் தொடங்குகிறது. பணிமனையை இடது கோடியில் வைத்துத்தான் எதையும் வரைவார்கள், அதற்காகச் சாலையையே தலைகீழாகப் புரட்டிப் போடவும் தயங்கமாட்டார்கள். ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் இருந்துகொண்டு இரண்டு பிரிவும் இருபது வருடமாக இப்படித்தான் வரைந்துகொண்டிருந்தன. யாரும் யாரையும் கேட்டதில்லை.

அவளும் கேட்கவில்லை. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பச்சைத் தடம் பள்ளி ஓரத்தில் இருந்தது.

மணி ஏழு நாற்பது. அக்கா இந்நேரம் சாலையில் இறங்கியிருப்பாள். பிள்ளைகளைத் தாண்ட விடும்போது அவள் நிற்கும் இடம் பள்ளி ஓரத்துக் கடைசித் தடம்தான். பாலத்துப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்குப் பலகையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இந்த பஸ் வரும் திசைக்கு அவள் முதுகுதான் இருக்கும். பிள்ளைகளோ முதல் தடத்தைப் பத்திரமாகப் பார்த்துத் தாண்டிவிட்டு, அப்புறம் எல்லாம் பழையபடிதான் என்று ஓடி வருவார்கள்.

அக்காவை ஃபோனில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் அக்காவின் ஃபோன் காவலாளி அறையில் பைக்குள் கிடக்கும். பள்ளி எண்ணைக் கூப்பிட்டாள். பள்ளி அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது.

"அண்ணா, முன்னாடி போன பஸ் இப்ப எங்க இருக்கும்?"

"தடம் காலியா இருக்கு, பறந்திருப்பான். அவன் பள்ளிக்கூடம் போய்ச் சேர இன்னும் மூணு நிமிஷம், மிஞ்சிப் போனா நாலு. ஏன் மேடம், முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

அவள் பிரிவு அலுவலரைக் கூப்பிட்டாள். கைதட்டல் சத்தத்துக்கு நடுவில் அவர் எடுத்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துல பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க."

"சார், முதல் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பாங்க. பதினோராயிரம் வீட்டுக்குத் தப்பா அனுப்பியிருக்கோம்னு நாமளே ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? பத்து மணிக்கு ஒரு திருத்தம் போட்டுடலாம். 'கூடுதல் விளக்கம்'னு தலைப்பு வைங்க."

"பத்து மணிக்கு யாருக்கு சார் விளக்குறது?" என்று கத்திவிட்டாள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் துண்டித்தாள். ஆறு வருடத்தில் அந்த மனிதர் பேசி முடிக்கும் முன் அவள் ஃபோனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநரின் பக்கத்தில் வயர்லெஸ் கருவி தொங்கியது. ஓட்டுநர்களைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தது. அந்த வாசகத்தை எழுதியதும் அவள்தான்.

"அண்ணா, அதைக் குடுங்க. எங்கக்கா அங்க நிக்குறா. பசங்க தாண்டிட்டிருப்பாங்க. பஸ் இந்த ஓரத்துல வரும்னு அவங்க யாருக்கும் தெரியாது."

ஓட்டுநர் இரண்டு விநாடி யோசித்தார். பிறகு கருவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "பிடிங்க. நாளைக்கு என்னைக் கேட்டா நீங்க பிடுங்கிட்டீங்கன்னுதான் சொல்வேன்."

"சொல்லுங்க" என்று வாங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல், யார் பேசுவது, எந்தப் பிரிவு, யார் அனுமதி கொடுத்தது என்று வரிசையாகக் கேட்டது. உங்கள் அலுவலர் சொல்லாமல் வண்டியை நிறுத்த எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. அந்தக் குரலோடு வழக்காட நேரமில்லை. எல்லா பஸ்ஸிலும் கேட்கும் என்று தெரிந்து அவள் அதைத் தாண்டிப் பேசினாள்.

"முதல் பஸ் அண்ணா, கேக்குதா? பள்ளிக்கூட வாசல்ல மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தங்க உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பாங்க. நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியாது. பசங்களுக்கும் தெரியாது. பஸ் சந்தை ஓரம் வரும்னு தாள்ல நான் தப்பா எழுதிட்டேன். நான்தான் எழுதினேன், என் தப்புதான். தயவு செஞ்சு வேகத்தைக் குறைங்க. ஹாரன் அடிங்க."

கருவியில் இரைச்சல் மட்டும் வந்தது. இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்து, பாதி அழுகையாக வந்தது. இதெல்லாம் பதிவாகிறது என்று கட்டுப்பாட்டு அறை எச்சரித்தது. பதிவாகட்டும் என்றாள்.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கவில்லை, அழுத்திய கையை எடுக்காமல் அடிக்கிற நீண்ட ஹாரன். அது நீண்டுகொண்டே போனது. பிறகு சட்டென்று நின்றது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, முன்னால் குனிந்து பார்த்தபடி ஓட்டினார். வளைவு திரும்பியதும் தெரிந்தது. பள்ளி வாசலில் முதல் பஸ் சற்றுக் கோணலாக நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம். சாலையில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு அடியில் 'நில்' பலகை இரண்டாக உடைந்து கிடந்தது.

கதவு முழுதாகத் திறக்கும் முன் சின்னவள் குதித்தாள். எத்தனை பேரை இடித்துத் தள்ளினாள் என்று அவளுக்குத் தெரியாது. அக்கா, அக்கா என்று கூவிக்கொண்டு ஓடியது மட்டும் அப்புறம் அங்கே நின்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

முதல் பஸ்ஸின் ஓட்டுநர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த தண்ணீர் பக்கத்தில் அப்படியே இருந்தது. "மஞ்சள் சட்டைன்னு ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. என்னன்னு புரியல. காலைத் தூக்கி பிரேக் மேல வெச்சேன். அதுக்குள்ள எதிர்ல நிக்குறாங்க" என்று வந்தவரிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம் கசிந்தது. மடியில் ஒரு சிறுமி, ஒரு காலில் செருப்பில்லாமல். இன்னொருத்தியைத் தோளோடு அணைத்திருந்தாள். யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. எதிர் ஓரத்தில் சந்தைப் பக்கம் முப்பது நாற்பது பிள்ளைகள் அப்படியே சிலையாக நின்றிருந்தார்கள். சின்னவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அக்காவின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஹாரன் கேக்கலயா அக்கா?"

"கேட்டுச்சு. ஹாரன் அடிக்கிறப்பல்லாம் திரும்பினா நாள் பூரா நான் பம்பரம் மாதிரி சுத்திட்டேதான் இருக்கணும். கடைசியில இந்தக் குட்டி என் பின்னாடி பார்த்து மிரண்டுச்சு. அப்பதான் திரும்பினேன், ரெண்டு பேரையும் இழுத்துட்டு ஓரத்துல விழுந்தேன்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு என்னுது. நான் மாத்தி எழுதிட்டேன்."

அக்கா சாலையைக் காட்டினாள். அவர்கள் உட்கார்ந்திருந்த ஓரத்தை ஒட்டிய தடத்தில், ஞாயிற்றுக்கிழமை அடித்த புது வெள்ளை வண்ணத்தில், ஆள் நீளத்துக்கு ஓர் அம்புக்குறி பணிமனையிலிருந்து வரும் திசையில் பளிச்சென்று இருந்தது.

"காலையில வந்ததுமே இதைப் பார்த்தேன்" என்றாள். "வாட்ச்மேன்கூடக் கேட்டாரு, என்னம்மா அம்பு இந்த ஓரத்துல இருக்கேன்னு. பெயிண்ட் அடிச்சவனுங்கதான் தப்பாப் போட்டிருப்பானுங்கன்னு சொன்னேன். போன வருஷம் கடக்கிற கோட்டைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டி முன்னாடி போட்டவனுங்கதானேன்னு சிரிச்சேன். என் தங்கச்சி எழுதியிருக்கா, நீங்க போங்கன்னு அனுப்பிட்டேன்."

சின்னவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவளுடைய ஃபோன் பைக்குள் இடைவிடாமல் அதிர்ந்தது, பிரிவு அலுவலராகத்தான் இருக்கும். அவள் அதைத் தொடவில்லை.

அக்கா சிறுமிகளை இறக்கிவிட்டு மெதுவாக எழுந்தாள். சந்தைப் பக்கம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் இன்னும் தாண்டவில்லை. பலகை உடைந்துபோனதால் வெறும் கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

"இப்பச் சொல்லு. பஸ் எந்த ஓரம்?" என்று தங்கையைக் கேட்டாள்.

"இந்த ஓரம்தான் அக்கா. பள்ளி ஓரம். பணிமனையிலிருந்து வரும். வேற எங்கயும் வராது."

அக்கா சரி என்று சொல்லவில்லை. தலையும் அசைக்கவில்லை. பணிமனைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாலத்துப் பக்கம் பார்த்தாள். மறுபடி பணிமனைப் பக்கம் பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து, அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை வரச் சொல்லிக் கையை அசைத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சின்னவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அழுகை வந்தது.