பச்சை டிக் விழுந்த அறிவிப்பு

செப்டம்பர் 13, சனி. மன்றத்து வெப்சைட்டை இன்று ஒப்படைத்தேன். ஒரு சின்னத் தவறு. பார்வதியக்கா போட்டுப் பழகிய அறிவிப்பை அக்காவின் போனில் மட்டும்தான் பார்த்தேன், வெளியாள் ஒருவரின் போனில் திறந்து பார்க்கவில்லை. என் பட்டியலில் அது ஏழாவது வேலை. ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிட்டேன். வியாழக்கிழமை லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது ஜான்சிக்கு அது சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் எழுதிவைத்தாள். போசரி என்ற மராட்டியத் தொழிற்பேட்டையில் கியர் உதிரிகள் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தாள். அளவு பார்க்கும் கேஜ் நுழைகிறதா, நுழையவில்லையா என்று பார்த்துப் பார்த்துப் பகல் முழுக்க எழுதுகிற வேலை. எழுதாமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் பக்கத்து ஊரான நிக்டியில் வெப் டிசைன் வகுப்பு. ஆறு மாதப் படிப்பின் முடிவில் நிஜமான ஒரு இடத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும்.

அவளுக்கு அமைந்த இடம் நிக்டித் தமிழர்களின் மன்றம். மன்றத்து வாட்ஸப் குழு காலை வணக்கப் பூக்களாலும் அரசியல் சண்டையாலும் நாறிப்போய், ஆகஸ்டில் பூட்டப்பட்டுவிட்டது. இனி எல்லா அறிவிப்பும் வெப்சைட்டில்தான் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அறிவிப்பை எழுதும் பொறுப்பு பார்வதிக்கு வந்தது. பார்வதி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, எட்டாவதுவரை படித்தவள். எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பது மன்றத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் தாங்களே எழுதி, படம் சேர்த்து, பக்கத்தை வெளியிட உதவுகிற மென்பொருளை வகுப்பில் சி.எம்.எஸ். என்பார்கள். ஜான்சி மூன்று சி.எம்.எஸ்.களை எடுத்து அட்டவணை போட்டாள். தமிழில் தட்டச்ச முடிகிறதா, சின்ன போனில் உடையாமல் வருகிறதா, எத்தனை பொத்தான் அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் கொடுத்தாள். முதலாவதுதான் ஜெயித்தது. ஒரு பெட்டி, ஒரு பொத்தான், அவ்வளவுதான். வாத்தியார் சுனில் மராட்டிக்காரர். அவரும் இந்தியில் அதையே சொன்னார். "எது லேசோ அதை எடு. யோசிச்சு யோசிச்சுக் கெடுக்காதே."

ஆனால் மன்றச் செயலாளர் கோவிந்தராஜன் ஒப்பவில்லை. தேகு ரோடு ஆயுதத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரெண்டாவது கையெழுத்து இல்லாம எங்க கேட்டத் தாண்டி ஒரு நட்டு வெளிய போனதில்லம்மா. மன்றத்துப் பேர்ல போற அறிவிப்பு மட்டும் போயிடலாமா?"

ஜான்சிக்கு அது நியாயமாகவே பட்டது. அவள் வேலை செய்யும் இடத்திலும் ஒருவர் பார்த்த உதிரியை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அதில் மஞ்சள் சீட்டு தொங்கும், பிறகுதான் பச்சை. அட்டவணையில் 'அனுமதி' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தாள். இரண்டாவது சி.எம்.எஸ். இரண்டு மார்க் வித்தியாசத்தில் முந்தியது. அதையே எடுத்தாள்; அனுமதிக்கும் பொறுப்பு கோவிந்தராஜனுக்கு.

எடுத்ததைப் பார்வதிக்கு ஏற்றபடி செதுக்குவதில் மூன்று வாரம் போயிற்று.

"ஏட்டி, இது என்ன, ரேஷன் கார்டு ஃபாரமா? இத்தன கட்டத்துல நான் எதத்தான் நிரப்ப?" என்றாள் பார்வதி முதல் நாள்.

பதினொரு கட்டங்கள் மூன்றாயின. இங்கிலீஷ் பொத்தான்கள் தமிழாயின. ஒன்று மட்டும் மிஞ்சியது. எழுதி முடித்து அழுத்தியதும் மேலே 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று மஞ்சள் பட்டை ஒன்று வரும்.

"அந்த மஞ்சளப் பாத்தாலே நான் எதையோ கெடுத்துட்டேன்னு தோணுது. பயந்து திரும்ப அழுத்திப் போடுதேன்" என்றாள் பார்வதி.

ஜான்சி மஞ்சள் பட்டையைத் தூக்கிவிட்டாள். அந்த இடத்தில் பெரிய பச்சை டிக். கீழே, 'அறிவிப்பு பதிவாகிவிட்டது. நன்றி, பார்வதி.'

"எம்பேரச் சொல்லி நன்றி சொல்லுதே. எங்க வீட்டு மனுசன் பத்தொம்பது வருசத்துல ஒரு தடவ சொல்லிருக்காவளா?" என்று பார்வதி சிரித்தாள். சுனில் அந்தத் திரையை வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டி, "யூசர் ஃப்ரெண்ட்லின்னா இது" என்றார். ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள், சந்தோஷத்தில்தான்.

ஒப்படைத்த மறுநாள் கோவிந்தராஜன் அண்ணனின் காரியத்துக்காக அம்பாசமுத்திரம் போய்விட்டார். அதற்கடுத்த நாள், திங்களன்று, பார்வதி தன் முதல் அறிவிப்பைத் தனியாகவே போட்டாள். இலவசக் கண் முகாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நாற்பது பேர் சேர்ந்தால் ஆஸ்பத்திரி பஸ் அனுப்பிக் கூட்டிப்போகும். புரை இருந்தால் மறுநாளே ஆபரேஷன்.

ஊருக்கெல்லாம் அது கண் முகாம், பார்வதிக்கோ புருஷனின் வேலை. மாடசாமி போசரியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர், ஒப்பந்தத் தொழிலாளி. வலது கண்ணில் புரை விழுந்ததை ஆறு மாதம் மறைத்துப் பார்த்தார். ஆகஸ்டில் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். செப்டம்பர் முப்பதுக்குள் கண் சரியாக இருக்கிறது என்று சான்று கொண்டுவந்தால் பிரஸ், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே.

வியாழக்கிழமை போசரியில் எல்லாக் கம்பெனிக்கும் லீவு. அன்று ஜான்சி ப்ராஜெக்ட் அறிக்கை எழுதினாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது, முப்பத்தெட்டுப் பக்கம். ஏழாவது வேலை அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது பார்வதியிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள்.

"ஜான்சி, பதினேழு பேர்தான் ஆயிருக்கு. அதுவும் நான் ரேஷன் கடையிலயும் எங்க லைன் வீடுகள்லயும் வாயால சொன்ன ஆளுவதான். வெப்சைட்டப் பாத்துட்டு ஒருத்தரும் பேர் குடுக்கலியே. நம்ம சனம் இவ்வளவு சோம்பேறியா?"

ஜான்சி கேட்டருகே நின்று தன் போனில் வெப்சைட்டைத் திறந்தாள். 'நம் மன்றத்தின் இணையதளத்துக்கு வரவேற்கிறோம்.' அவளே ஆகஸ்டில் போட்டது. அதற்குமேல் எதுவும் இல்லை. திரையைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டாம் முறையும் இழுத்தாள்.

"அக்கா, கண் முகாம் அறிவிப்பு உங்க போன்ல தெரியுதா?"

"தெரியாம? தெனமும் காலையில எடுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். படத்தோட ஜம்முன்னு இருக்கு."

ஜான்சிக்கு இப்போதுதான் உறைத்தது. எழுதியவருக்கு மட்டும் அவர் எழுதியது எப்போதும் தெரியும். மற்றவர்களுக்கு இரண்டாவது கையெழுத்து விழுந்தபிறகுதான். அறிவிப்பு ஐந்து நாளாக கோவிந்தராஜனின் அனுமதிக்காகக் கிடக்கிறது. அது கிடக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு மஞ்சள் பட்டைதான் இருந்தது.

ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு அவள் அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தாள். நல்ல வேளையாகக் கோவிந்தராஜன் எடுத்தார்.

"அப்ரூவல் மெயிலா? அது பழைய போன்ல வருமேம்மா. பழைய போன் நிக்டி வீட்டு பீரோவுல இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு."

"பாஸ்வேர்டு நெனவிருக்கா சார்?"

"எழுதி வச்சிருக்கேனே. அதே பீரோவுலதான்."

"'மறந்துவிட்டேன்'னு போட்டா ஓ.டி.பி. வரும் சார்."

"எதுக்கு வரும்?"

"அந்தப் பழைய போனுக்கு."

அந்தப் பக்கம் யாரோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோவிந்தராஜன் சற்று யோசித்துவிட்டு, "நான் இப்ப வாயாலயே சொல்லிடறேன். அப்ரூவ்டு. இன்னைக்குத் தேதி போட்டுக்கோ. போதுமா?" என்றார்.

"வெப்சைட்டுக்கு நீங்க சொல்றது கேக்காது சார்."

"அப்ப நீயே போட்டுடும்மா. செஞ்சவ நீதானே, உனக்கு வழி இல்லாமலா இருக்கும்?"

அவளுக்கு வழி இருந்தது, சனிக்கிழமை வரை. ஒப்படைக்கும்போது, தளத்தைச் செய்தவர் தன் கணக்கை நீக்கிவிட வேண்டும் என்று வகுப்பில் கொடுத்த பட்டியலில் இருந்தது. அவள் நீக்கிவிட்டாள். நீக்கிய நேரத்தையும் டைரியில் குறித்திருந்தாள்.

சுனிலைக் கூப்பிட்டாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "அரே ஜான்சி, பட்டியல்ல இருக்குன்னு அன்னைக்கே யாராவது செய்வாங்களா? ஒரு மாசம் வச்சிருந்துட்டுத்தான் நீக்குவாங்க." சர்வர் கம்பெனிக்கு எழுதினால் திறந்து கொடுப்பார்கள், ஒரு நாள் ஆகும் என்றார். அப்போது மணி ஐந்தே கால்.

பார்வதியின் வீட்டில் கட்டில் முழுக்கக் காகிதங்கள். அவள் போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தாள். வயது வேண்டும், ஆதார் நம்பர் வேண்டும். சிலர் வேலையிலிருந்து வரவில்லை. சிலருக்கு ஆதார் அட்டை மகன் வீட்டில், தூரத்தில் கோந்த்வாவில் இருந்தது. ஒரு கிழவர் தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று ஐந்து நிமிடம் வாதாடினார். ஜான்சி பட்டியலில் பாதியைப் பிரித்துக்கொண்டு தன் போனில் அழைத்தாள். ஐந்தரைக்கு இருபத்திரண்டு. ஐந்து ஐம்பதுக்கு இருபத்தாறு.

"வாட்ஸப் குழுவத் தொறக்கச் சொல்லுவமா?" என்றாள் பார்வதி.

"அதுக்கு அட்மின் யாருக்கா?"

பார்வதி அடுத்த காகிதத்தை எடுத்தாள். கோவிந்தராஜன்தான், அதே பழைய போனில்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண் ரோஹிணி, மராட்டியில் மிகவும் மரியாதையாகப் பேசினாள். இருபத்தொன்பது பேருக்கு பஸ் விட முடியாது, அந்தத் தேதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், அடுத்தது தீபாவளிக்குப் பிறகு நவம்பரில். பார்வதி அரைகுறை மராட்டியில் நாளைக் காலைக்குள் பதினோரு பேரைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு இந்தியில் சொன்னாள். கடைசியில் தமிழிலேயே, "எம்மா, கொஞ்சம் பாரும்மா" என்றாள். ரோஹிணிக்கு அது புரிந்ததுபோலத்தான் இருந்தது. மன்னிக்கச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மாடசாமி சாப்பாட்டு டப்பாவைத் தோளில் மாட்டியபடி ஆறரைக்கு வந்தார். நிலைப்படியை ஒருமுறை காலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். இருவரின் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பஸ் வரலியா?"

"நவம்பர்ங்காவ" என்றாள் பார்வதி.

"சரி. நவம்பர்ல கண்ணு தெரிஞ்சு என்ன பாக்க? ஒன் மூஞ்சியத்தான் பாக்கணும்." அவர் சிரிக்க முயன்றார். கைகால் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பார்வதி காகிதங்களை ஒன்றுசேர்த்து அடுக்கினாள். "நாந்தான் எங்கயோ தப்பா அழுத்திருக்கேன்."

"நீங்க எதையும் தப்பா அழுத்தலக்கா. சார் அனுமதிக்கணும்னு அதுல வரும். அந்த மஞ்சப் பட்டைய நான் எடுத்துட்டேன். எடுத்ததுனாலதான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது."

"பாவம், நீ எனக்காகச் சொல்லுத. படிச்ச பிள்ள, நீ எப்படித் தப்பாச் செய்வ? எல்லாம் சரியாத்தான் வச்சிருந்த. பச்சை டிக்லாம் வந்துதே. எட்டாங்கிளாஸ் மூளைக்கு இதெல்லாம் எதுக்குங்கேன்."

"அக்கா, அந்த டிக்குதான்..."

"விடுட்டி. அழாத. எனக்கு அந்த வேல வேண்டாம். சாரு வந்து வேற ஆளப் போட்டுக்கிடட்டும்."

ஜான்சி இன்னொரு தடவை விளக்கினாள். போனைத் திறந்து, உங்கள் கண்ணுக்கு இது, வெளியாள் கண்ணுக்கு இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பார்வதி பொறுமையாகப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது, ஒரு நல்ல பெண் தன் மனம் நோகாமல் இருக்க ஏதேதோ காட்டுகிறாள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளுக்கு அதைக் கொடுக்க இடம் இல்லை.

மாடசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிள்ளைக்கு டீ குடுத்தியாட்டி? இத்தன நேரமா வெறும் வயித்தோட ஒக்கார வச்சிருக்க" என்றார். ஜான்சியிடம், "ஒனக்கு இன்னிக்கு கிளாஸ் இல்லியாம்மா?" என்று கேட்டார்.

வகுப்பு தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. முப்பத்தெட்டுப் பக்க அறிக்கை அவள் பைக்குள்ளேயே கிடந்தது. 'பயனர் அனுபவம்' என்ற பகுதியில் பச்சை டிக்குக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

"இருக்குண்ணாச்சி. போகல" என்றாள். பிறகு, "பிம்பிரி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில கண்ணுக்கு எத்தன மணிக்கு டோக்கன் குடுக்காங்க?" என்று கேட்டாள்.

"அங்கயா? அங்க டோக்கன் வாங்கவே ஒரு நாள் லீவு போடணும். ஆபரேஷனுக்குத் தேதி எப்ப குடுப்பானோ. நான் லீவு போட்டா சூப்பர்வைசர் அதுக்கும் கேப்பான். பத்து நாள்தான் இருக்கு, எங்க ஆகப்போவுது." அவர் டீயை ஆற்றினார். கோப்பை எங்கே முடிகிறது என்று விரலால் பார்த்துக்கொண்டு ஆற்றினார்.

"வரிசையில நான் நிக்கேன். டோக்கன் கைக்கு வந்ததும் போன் பண்ணுதேன், அப்புறம் நீங்க வந்தாப் போதும்."

பார்வதி எழுந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து புருஷனின் ஆதார் அட்டையை எடுத்து ஜான்சியிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜான்சி டைரியைத் திறந்தாள். நடந்ததை எழுத மூன்று தடவை தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே 'தவறு' என்ற சொல் வந்தது, அதற்கு முன்னால் என்ன போடுவதென்று தெரியவில்லை. அதை விட்டுவிட்டு, கீழே எழுதினாள்:

நாளை, செப்டம்பர் 20, சனி. காலை ஆறு மணிக்கு பிம்பிரி ஆஸ்பத்திரி, கண் பிரிவு வரிசை. மாடசாமியண்ணாச்சியின் ஆதார், நகல் இரண்டு. கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.