எட்டா, பதினாறா?

லேப்டாப் திரையில் எட்டு என்று இருந்தது. பதினாறு என்று இருந்திருக்க வேண்டும்.

நாத்தனார் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இங்க வந்து பாரு. பதினாறு ஜிபி ஆக்கிட்டேன்னு உன் தம்பி வாசல்ல நின்னு சொன்னானா இல்லையா?"

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் எட்டுதான்.

"சொன்னான் அண்ணி."

"எட்டு ஜிபி ரேம் ரெண்டு வாங்கிக் குடுத்தோம். ஒண்ணு உள்ள இருக்கு. இன்னொண்ணு எங்க? ஆவியாப் போயிடுச்சா?"

மருமகள் நிமிர்ந்தாள். அவள் கண் தானாக மாமனாரின் நாற்காலிப் பக்கம் போனது. நாலடி தள்ளி உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவர் காதில் விழுந்திருக்கும். இப்போது வாயைத் திறப்பார் என்று மருமகள் காத்திருந்தாள். அவர் தாளைத் திருப்பினார்.

லேப்டாப் அவருடையதுதான். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைத் தராசுகளைச் சோதிப்பதும் முத்திரை வைப்பதும் குறைந்த எடைக்கு வழக்குப் போடுவதும் அவர் பார்த்த வேலை. ஊர் அவரைத் 'தராசு' என்றே சொல்லும். சிலர் மரியாதையோடு, சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு. எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் என்ற பெயர் அந்தக் குடும்பத்துக்குச் சொத்தாக இருந்தது. பெண் எடுத்தபோதும் பெண் கொடுத்தபோதும் அந்தப் பெயர்தான் முன்னால் போய் உட்கார்ந்தது.

ஓய்வுக்குப் பிறகும் லாரி எடை மேடைகளுக்கு அறிக்கை எழுதித் தருவார். லேப்டாப் பழையதாகிவிட்டது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பதுபோல நிற்கும். புதிது வாங்கலாம் என்று மகன் சொன்னதற்கு, "நல்லா இருக்கறதை ஏன் தூக்கிப் போடணும்?" என்று ஒரே போடாகப் போட்டார். நினைவக அட்டையை, அதாவது ரேமை, மாற்றினால் போதும், என் தம்பி மாற்றிக் கொடுப்பான் என்று சொன்னது மருமகள்தான். தம்பிக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் கடை. எடுத்துப் போனவன் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். "மாமா, ஒண்ணு அடிப்பக்க மூடிக்குள்ள. இன்னொண்ணு கீபோர்டுக்குக் கீழ. பழைய மாடல் இல்லையா, அப்படித்தான் வெச்சிருக்கான்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று ஓடிவிட்டான்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்தது. மருமகளுக்கு மட்டும் இன்னொன்று தெரியும்.

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை மதியம், மறந்து வைத்த கைப்பேசியை எடுக்க வீட்டுக்கு வந்தாள். சன்னல் வழியே பார்த்தால், மேசையில் லேப்டாப் பிரிந்து கிடந்தது. கீபோர்டு பெயர்த்து மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மாமனார் ஒரு ரேமைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். தராசின் முள் காட்டுவதை நம்பாமல் தராசையே பிரித்துப் பார்த்துப் பழகிய கை.

தம்பி சொன்ன அளவு சரிதானா என்று சோதிக்கிறார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஓசை வராமல் வாசல்வரை திரும்பி நடந்துபோய், இப்போதுதான் வருகிறவள்போல, தெருப்பக்க வெளிக்கதவை நாலு வீட்டுக்குக் கேட்கும்படி இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளே நுழைந்தபோது மேசை சுத்தமாக இருந்தது. "என்னம்மா, மறந்துட்டியா?" என்று அவர் கேட்டார். "ஆமா மாமா," என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

முடியவில்லை. இரண்டு ரேமும் உள்ளே இருந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவர். அவர்தான் இப்போது தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லு," என்றாள் நாத்தனார். "நேர்லயே கேட்டுடலாம். எங்க பள்ளிக்கூட கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்க அவன் பேரைச் சொன்னதே நான்தான். வர்ற திங்கட்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து. நாளைக்கு அங்க ஏதாவது காணாமப் போச்சுன்னா முழிக்க வேண்டியது யாரு? அவனா? நான்! தராசு பொண்ணு ஆள் சேர்த்த லட்சணத்தைப் பாருன்னு சிரிப்பாங்க."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் பெயர்தான் முதலில்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவனிடம் சொல்லலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். அவன் எல்லாவற்றையும் சிரித்தே கடந்துவிடுகிறவன். "ரேம்தானே, அக்காவுக்கு வேற வேலை இல்ல," என்று சொல்லிப் புரண்டு படுத்தான். சொல்லி என்ன ஆகும்? மருமகள் வீட்டான் செய்த வேலையை ஒளிந்து நின்று சோதித்தார், பிறகு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டார் என்று ஆகும். அந்தப் பேச்சு வீட்டுக்குள் நிற்காது. சொல்லாவிட்டால் தம்பி திருடன். தம்பிக்குத் தொலைபேசியில், "ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போடா," என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி விசில் அடித்துக்கொண்டேதான் வந்தான். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன அத்தான், பொண்ணு பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றான். வேறு நாளாக இருந்தால் அவள் கணவன் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்று அவன்கூடச் சிரிக்கவில்லை.

நாத்தனார் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் எண்ணைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"எட்டு காட்டுது. காட்டக் கூடாதே."

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்."

அவன் லேப்டாப்பை அணைத்து, கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றினான். ஒரு ரேம் இருந்தது.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள் நாத்தனார்.

"இன்னொண்ணு கீபோர்டுக்குக் கீழ அண்ணி. இருங்க, அதையும் தொறக்கறேன்." அவன் கருவிப் பையில் கையை விட்டான்.

"நில்லு. கையை வெளிய எடு."

அவன் எடுத்தான்.

"நீயே தொறந்து, நீயே உள்ள கையை விட்டு, இதோ இருக்குன்னு காட்டினா நாங்க என்னன்னு நம்பறது? எங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் ஒருத்தன். காணோம்னு சொன்னதை மறுநாள் பையிலயே கொண்டு வந்து வெச்சான். முதல்ல பாக்கெட்டைக் காட்டு. பையையும் கொட்டு."

"அக்கா!" என்றான் கணவன். "என்ன பேச்சு இது? அவன் என் மச்சான்."

"மச்சான்னா காட்டக் கூடாதா? மடியில ஒண்ணும் இல்லைன்னா காட்டிட்டுப் போகட்டும்."

தம்பியின் முகம் வெளிறியது. அப்போதுதான் அவனுக்கு எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று விளங்கியது. அவன் தன் அக்காவைப் பார்த்தான். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு அதன் உட்துணியை வெளியே இழுத்தான். இரண்டு திருகாணிகள் தரையில் விழுந்து உருண்டன.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முதுகு நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே இருந்தது. கண் மட்டும் தரையில் உருண்ட திருகாணிகள் மேல் இருந்தது. சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள். அவர் சொல்லவில்லை. தம்பியின் கை அடுத்த பைக்குப் போனது.

"போதும்டா," என்றாள் மருமகள்.

குரல் அவள் எதிர்பார்த்ததைவிட ஓங்கி வந்தது. எழுந்துபோய்த் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மேசையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மாமனாரின் எதிரில் போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, நீங்க தொறங்க. உங்க கையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அண்ணியும்தான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நீளமான பார்வை. அதற்குள் அவர் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை மதியம், அத்தனை சத்தமாகச் சாத்திய வெளிக்கதவு. அவர் முகம் மாறவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

"அப்பாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்றாள் நாத்தனார். "எனக்குக் குடு, நான் பார்க்கறேன்."

"குடும்மா," என்று மருமகளிடம் சொல்லி அவரே வாங்கிக்கொண்டார்.

மேசைக்கு வந்தார். எந்தத் திருகாணி என்று யாரிடமும் கேட்கவில்லை. அடியில் இருந்த பலவற்றில் கீபோர்டைப் பிடித்திருக்கும் மூன்றை மட்டும் கழற்றினார். லேப்டாப்பை நிமிர்த்தித் திரையைத் திறந்தார். மேல் விளிம்பில் மறைந்திருக்கும் கொக்கிகளை வரிசையாக நெம்பினார். கீபோர்டைத் தூக்கியபோது, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நாடா அறுந்துவிடாமல் இடது கையால் தாங்கினார். தம்பி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீபோர்டுக்குக் கீழே ரேம் இருந்தது. படுத்திருக்க வேண்டியது, பக்கத்துக் கொக்கிகளில் மாட்டாமல், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா. இருக்கு. சரியா மாட்டாம விட்டிருக்கான், அவ்வளவுதான். பாரு, இவ்வளவு அசட்டையா வேலை பார்த்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

"நான் நல்லா அழுத்தித்தான் அண்ணி..." என்று தொடங்கிய தம்பி நிறுத்திக்கொண்டான். திருடன் என்ற பெயர் போனதே பெரிது என்று நினைத்தானோ என்னவோ. "ஒருவேளை சரியா உட்காரலையோ."

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கலாம். கணவன்கூட, தேநீர் போடச் சொல்லலாம் என்று வாயெடுத்துவிட்டான்.

"அவன் சரியாத்தான் உட்கார வெச்சிருந்தான்," என்றார் மாமனார்.

நின்றபடியே சொன்னார், அறிக்கை வாசிப்பதுபோல.

"திங்கட்கிழமை மதியம் நான் இதைத் தொறந்தேன். ரெண்டு ரேமும் இருந்தது. ரெண்டுலயும் எட்டுன்னு போட்டிருந்தது. எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வெச்சது நான். ஆள் வர்ற சத்தம் கேட்டு அவசரமா மூடினேன். குறை என் கையில. அவன் சொன்ன அளவு சரி."

"அப்பா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும்."

அதற்கு மேல் விளக்கவில்லை. கட்டை விரலால் ரேமைச் சாய்த்து அழுத்தினார். இரண்டு பக்கமும் கொக்கி விழுந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. கீபோர்டை மூடி லேப்டாப்பை இயக்கியபோது பதினாறு என்று வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் கால்சட்டைப் பையின் துணி இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை மெதுவாக உள்ளே தள்ளினான்.

நாத்தனாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "சரி... மனசுல வெச்சுக்காத. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துடு. கையெழுத்துப் போட்டுடலாம்."

"வேணாம் அண்ணி. அங்க ஒரு மவுஸ் காணோம்னாலும் என் பாக்கெட்டைத்தான் பார்ப்பீங்க."

அவன் கருவிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். மருமகள் பின்னால் ஓடினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியும். இல்லக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னை வரச் சொன்னே."

"அவரே சொல்லிடுவார்னு இருந்தேன்டா."

"நானா இருந்தா அன்னிக்கே போட்டு உடைச்சிருப்பேன்."

"நீ உடைச்சுட்டு உன் வீட்டுக்குப் போயிடுவே. நான் மறுநாள் காலைல இங்கதானே எழுந்திருக்கணும்?"

அவன் வண்டிச் சாவியைத் தேடினான்.

பின்னால் காலடி கேட்டது. மாமனார் வந்துகொண்டிருந்தார். யாரையும் வழியனுப்பக் கூடத்தைத் தாண்டி வராதவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வெளிக்கதவைக் கடந்து தெருவுக்கே வந்து நின்றார்.

"உன் கடைல கூட்டம் எப்ப இருக்கும்?"

தம்பிக்குப் புரியவில்லை. "எதுக்கு மாமா?"

"நாளைக்கு வரேன். என் பொண்ணையும் கூட்டிட்டு வரேன். இங்க உன்னை நாலு பேர் நடுவுல கேட்டோம். அதுக்கு மூடின கதவுக்குள்ள மன்னிப்புக் கேட்டா அளவு குறையும். உன் கடைல, உன் ஆளுங்க நிக்கும்போது சொல்றோம். பள்ளிக்கூட வேலை வேணுமா வேணாமான்னு அப்புறம் நீ முடிவு பண்ணு."

தம்பி அவரைப் பார்த்தான். வேண்டாம் மாமா, பரவாயில்லை மாமா என்று அவன் சொல்லிவிடுவான் என்று மருமகள் நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே இளகிய மனசுக்காரன்.

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"காலைல பத்து மணிக்கு மேல நல்ல கூட்டம் இருக்கும்," என்றான்.

"பத்தரைக்கு வரேன்," என்றார் அவர்.